பெரிய குடும்பத்துக்காரி

வாடிக்கையாளர் வகை: தங்கம். குடும்பம்: பெரியது, கூட்டுக் குடும்பமாக இருக்கக்கூடும். உணவு விருப்பம்: அசைவம், மட்டன் முதலிடம். இயல்பு: விருந்தோம்பலில் நாட்டம் மிக்கவர், வார நாட்களிலும் வீட்டில் ஆட்கள் கூடுகிறார்கள், ஞாயிறு தவறுவதே இல்லை. நம் கடையைக் கைவிடும் வாய்ப்பு: மிக மிகக் குறைவு.

திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கும் முகமது பாரூக்கின் பிரியாணிக் கடையில், பார்சல் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் தன் கணக்கில் முதலிடம் பிடித்த வாடிக்கையாளரைப் பற்றி இப்படி எழுதி வைத்திருந்தது. யாரும் உட்கார்ந்து எழுதியதல்ல. அதுவாகவே யோசித்து, அதுவாகவே முடிவுக்கு வந்து, அதுவாகவே எழுதிக்கொண்டது. எழுதியதில் கடைசி வரி மட்டும் சரி.

அந்த வாடிக்கையாளரின் பெயர் பொன்னழகு. நாற்பதைத் தாண்டி சில வருடங்கள் ஆகின்றன. சித்தையன்கோட்டையில் ஒற்றை அறையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறாள். கணவர் வேலை தேடித் திருப்பூர் போனவர். வேலையும் கிடைத்தது, கூடவே இன்னொரு குடும்பமும் கிடைத்தது. மகள் பவித்ரா ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் வருவாள். பேத்தி போனைப் பிடுங்குவதால் பெரும்பாலும் அவர்கள் வீட்டு மின்விசிறிதான் தெரியும். பொன்னழகு மின்விசிறியைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வைப்பாள்.

பிரியாணியை அவள் வாயில் வைத்து ரொம்பக் காலம் ஆகிறது. அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அந்த வாசனைக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு மத்தியானத்தில் அது சாப்பாடாகத் தெரியாது, சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறும் வெஞ்சனத்துக்கு ஏதாவது ஒரு ஊறுகாயும் கொண்டுவருவாள். ஏனென்றால், மென்பொருள் தங்க வாடிக்கையாளர் என்று கொண்டாடும் இந்தப் பெண் அதே கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். அந்த மென்பொருளை இயக்குபவளும் அவளே.

இது எப்படி நடந்தது என்பதற்கு முதலில் அந்தக் கடையின் டெலிபோனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொன்னழகு கடைக்கு வந்தது வெங்காயம் உரிக்க. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கடையின் ஆண்கள் மொத்தமும் போயிருந்தார்கள். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. பெரிய சட்டிகள் தம்மில் இருந்தன. வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் அவள் மட்டும் இருந்தாள். கல்லா மேஜையில் இருந்த டெலிபோன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது, அழுகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைப் போய் எடுத்துவிட்டாள்.

"யாருங்க? எல்லாரும் தொழுகப் போயிருக்காக. செத்த நேரத்துல வந்துருவாக."

"நீ யாரு தாயி?"

"வெங்காயம் உரிக்கிறவ."

"சரி, வெங்காயம் உரிக்கிறவகளே, நா பூ மார்க்கெட்டு மலைச்சாமி. ஒம்பது மட்டன் வேணும். மறக்காமச் சொல்லிருவியா?"

"வெங்காயத்த வேணா மறப்பேன். இத மறக்க மாட்டேன்."

மறுமுனையில் மலைச்சாமி சிரித்த சிரிப்பு, பூ மூட்டை தூக்குகிறவர்களின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மறுநாள் கூப்பிட்டபோது அவர், "அந்த வெங்காயத்தக் குடுங்கப்பா" என்றார். பாரூக் வியாபாரி. எந்தச் சத்தத்தால் வியாபாரம் வருகிறதோ அந்தச் சத்தத்தை வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அந்த வாரமே பொன்னழகு டெலிபோனுக்கு மாறினாள்.

அதற்குப் பிறகான வருடங்களில் ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. இது ஒரு விசித்திரமான புகழ். மேட்டுப்பட்டியில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவார் ஜெரோம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார். அரை மட்டன், எலும்பு வேண்டாம், தால்சா தனியாக. அதோடு அந்த வாரம் நடந்தவற்றில் இரண்டு சங்கதி. பிறகு வந்து பார்சல் வாங்கிப்போவார். பொன்னழகு முன்னாலேயே நின்று, அவள் நீட்டும் பையையே வாங்கிக்கொண்டு, ஒரு நாளும் அடையாளம் கண்டதில்லை. அவளும் சொன்னதில்லை. போனில் அவளுக்கு வயது கிடையாது, நேரில் இருந்தது.

பிறகு காலம் மாறியது. அது மாறுவதற்கு யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை. ஆன்லைன் கம்பெனிகள் வந்தன, ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொண்டுவந்து வைத்தன. எல்லாம் மாறி மாறிக் கத்தின. கடைக்குப் பக்கவாட்டில் ப்ளைவுட்டும் கண்ணாடியும் வைத்து ஒரு பார்சல் அறையைத் தடுத்தார் பாரூக். உள்ளே ஏசி. அது மெஷின் சூடாகிவிடக் கூடாது என்பதற்காக. ஆளுக்குக் கிடைத்த குளிர் உபரி. அந்த அறையில் பொன்னழகு சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் டெலிவரிப் பையன்கள் வருவார்கள். ஆர்டரின் கடைசி நாலு எண்ணைச் சொல்வார்கள், பையை வாங்குவார்கள், போவார்கள். அவர்கள் கண் அவர்கள் போனில் இருக்கும். வியாபாரம் இரண்டு மடங்கானது. அறைக்குள் பேச்சு பாதிக்கும் கீழே இறங்கியது.

கோயம்புத்தூரில் இருந்து விக்னேஷ்குமார் என்ற இளைஞர் வந்து அந்த டேப்லெட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு பெரிய திரையைப் பொருத்தினார். அவருடைய கம்பெனியின் மென்பொருள் அது. எந்தப் பக்கமிருந்து ஆர்டர் வந்தாலும் இதில் விழும். விழுந்ததும் அடுப்படியில் உள்ள பிரிண்டர் சீட்டுத் துப்பும். சீட்டைப் பார்த்து இஷாக் பொட்டலம் கட்டுவான். சீட்டு இல்லாமல் கட்டக் கூடாது என்று பாரூக் உத்தரவு போட்டிருந்தார்.

"போன்ல வர்ற ஆர்டரும் இதுலதாங்க்கா போடணும்" என்றார் விக்னேஷ்குமார். "கஸ்டமர் மொபைல் நம்பர் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"நம்பர் குடுக்கலேன்னா?"

"யாருக்கா குடுக்க மாட்டேம்பாங்க?"

அவர் கோயம்புத்தூர்க்காரர். அவர் ஊரில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

மறுநாள் மலைச்சாமி கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க நம்பர் சொல்லுங்க."

"எதுக்கு தாயி?"

"மிஷினு கேக்குது."

"மிஷினுக்கு எதுக்கு ஏ நம்பரு? ஒரு தடவ துணிக்கடையில குடுத்துட்டுப் பட்ட பாடு போதும். ஆடித் தள்ளுபடி ஆடித் தள்ளுபடின்னு மார்கழியிலயும் அனுப்புறான். பேசாம ஒம்பது மட்டன் போடு."

நாகல் நகரில் தையல் கடை வைத்திருக்கும் ஷப்னம் இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "வேணாம்க்கா. ஏ போனுக்கு ஒரு மெசேஜு வந்தாலும் எங்க வீட்டுக்காரரு யாரு யாருன்னு ரெண்டு நாளு கேப்பாரு. பிரியாணிக்கடைன்னு சொன்னா நம்பவா போறாரு?"

ஜெரோம் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு வர்ற போன் பூரா லோன் வேணுமான்னு கேக்குற போனும்மா. அடிச்சா ஓடிப்போய் எடுக்குறேன், லோனு. இன்னொரு எடத்துல நம்பரக் குடுத்தா இன்னும் ஓடணும்."

பத்து எண் கேட்டுத் திரை காத்திருந்தது. அடுப்படியில் இஷாக் சீட்டுக்குக் காத்திருந்தான். பொன்னழகு தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே கைபேசி எண்ணைப் போட்டாள். அது அவளுடையது. திரை நன்றி சொன்னது, பிரிண்டர் துப்பியது, இஷாக் கட்டினான். ஒரு தடவைக்குத்தானே என்று நினைத்தாள். அடுத்த ஆளும் நம்பர் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஆளும். இப்படித்தான் பூ மார்க்கெட்டின் மூட்டை தூக்குகிறவர்களும், நாகல் நகர்த் தையல்காரியும், மேட்டுப்பட்டி ஜெரோமும், இன்னும் போனைத் தவிர வேறு வழி தெரியாத அல்லது வேண்டாத எல்லோரும், சித்தையன்கோட்டையில் ஒற்றை அறை வீட்டில் ஒரு கூட்டுக் குடும்பமாக வாழத் தொடங்கினார்கள்.

அந்தக் குடும்பத்தின் தலைவிக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. மாலைப் பேருந்து சின்னாளபட்டியைத் தாண்டும்போது போன் துடிக்கும். 'இன்றைய விருந்து எப்படி இருந்தது? உங்கள் நட்சத்திரங்களைத் தாருங்கள்!' காந்திகிராமத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏறுவார்கள், சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். செம்பட்டிக்குப் பிறகு பேருந்து காலியாகிவிடும். அப்போது இன்னொன்று வரும்: 'உங்கள் அன்பானவர்களோடு இந்த வாரக் கடைசியைக் கொண்டாடுங்கள்.' அவள் இரண்டையும் படிப்பாள். அவளுக்கு வருகிற செய்திகளில் கேஸ் சிலிண்டருக்கு அடுத்தபடி அவைதான் அதிகம்.

இதில் ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட முடியாது. நம்பர் விஷயத்தில் அத்தனை பொய்யும் சொன்ன பொன்னழகு, நட்சத்திர விஷயத்தில் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சாப்பிட்டவரைக் கேட்காமல் எப்படிப் போடுவது? அடுத்த முறை அவர்கள் கூப்பிடும்வரை காத்திருப்பாள். "அண்ணே, செவ்வாக்கெழம எப்புடி இருந்துச்சு?" என்று கேட்பாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார் மலைச்சாமி. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து, உப்பு கம்மி என்று எழுதி அனுப்புவாள். கடைக்கு வந்த மோசமான மதிப்பீடுகளில் பல, கல்லாவுக்கு அடுத்த அறையிலிருந்து வந்தவை. பாரூக் அவற்றைப் படித்துவிட்டு அடுப்படியில் சத்தம் போடுவார். இஷாக் கரண்டியோடு வந்து கண்ணாடியில் சாய்ந்து, "அக்கா, எவனோ ஒருத்தன் ஏ உப்பையே கணக்குப் பண்ணிக்கிட்டுத் திரியிறான்" என்பான். "நாக்கு உள்ளவனா இருப்பான்" என்பாள் பொன்னழகு.

அடிக்கடி வாங்குகிறவருக்கு மென்பொருள் அவ்வப்போது ஒரு கோழி வறுவலை இலவசமாகத் தரும். அதையும் அவள் முறை வைத்து ஒவ்வொருவருக்காக அனுப்பினாள். ஷப்னத்துக்கு வந்த வாரம் அவள் போனில், "யாருக்கா எனக்குப் போயி இதெல்லாம் அனுப்புறது?" என்று கேட்டாள். "கடைதான்" என்று சொல்லிவிட்டாள் பொன்னழகு.

தன் எண்ணை மெஷினுக்கு இவ்வளவு தாராளமாகக் கொடுத்தவள், மனிதர்களுக்குக் கொடுத்ததே இல்லை. அந்தப் போனை வாங்கிக் கொடுத்த அன்றே அண்ணன் ஈஸ்வரன் சொல்லியிருந்தான்: "தனியா இருக்குற பொம்பள. நம்பர எவனுக்கும் குடுத்துராத. தெரியாத நம்பரு அடிச்சா எடுக்காத." அவள் எடுத்ததில்லை. ஒருமுறை ஜெரோம் தயங்கித் தயங்கி, "இந்த லைன் பாதி நேரம் எங்கேஜ்டா இருக்கும்மா, வேற நம்பர் ஏதாச்சும் இருந்தா..." என்று இழுத்தார். "கடையில அப்புடிக் குடுக்கக் கூடாது சார்" என்றாள். கடையில் அப்படி ஒரு சட்டமும் இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறு அவர் அரை மட்டனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு, மழை பெய்து ஆத்தூர் அணைக்குத் தண்ணீர் வந்திருக்கிறதாமே என்று கேட்டார். பேருந்தில் கேள்விப்பட்டதை அவள் சொன்னாள். அன்று சால்வை தேவைப்படவில்லை.

இப்படியே போயிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. விக்னேஷ்குமார் அறிக்கையோடு வந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாரூக்கும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. பொன்னழகு திரையைப் பார்த்துக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தாள்.

"சார், ஆன்லைன்ல உங்க கஸ்டமர்ஸ் ஆயிரக்கணக்குல இருக்காங்க. இந்த லேண்ட்லைன் இருக்கு பாருங்க, அதுக்கு மொத்தமே ஒரு கஸ்டமர்தாங்க."

"ஒரு ஆளா?"

"ஒரே ஒரு நம்பருங்க. ஆனா அந்த ஒரு ஆளு, சார், தெனமும் வாங்குறாங்க. சில நாளு மூணு வேளையும். பெரிய குடும்பம் போலிருக்குங்க."

"மாஷா அல்லா" என்றார் பாரூக். "நல்லாருக்கட்டும் அந்தக் குடும்பம். ஆனா ஒரு ஆளுக்காக ஒரு லைன வச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமாப்பா?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேனுங்க. அவங்க ஒருத்தர ஆப்புக்கு மாத்திட்டா லைன எடுத்துரலாம்."

"எடுக்கச் சொல்லி நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழமையோட கட்டு. அந்தக் குடும்பத்துக்கு ஏதாச்சும் செய்யணுமே."

அதற்குத் தயாராகவே வந்திருந்தார் விக்னேஷ்குமார். அவருடைய கம்பெனி சார்பில் தங்க வாடிக்கையாளருக்குப் பரிசாக, பத்துப் பேருக்குச் சோறு கொள்ளும் ஒரு ஹாட்பாக்ஸ், சரிகைக் காகிதம் சுற்றி மேஜைமேல் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தன் போனில் எண்ணை அழுத்தினார்.

பொன்னழகின் பையில் போன் அடித்தது. தெரியாத எண். அவள் எடுக்கவில்லை, தெரியாத எண் அடித்தால் அவள் எடுப்பதில்லை. நின்றது. விக்னேஷ்குமார் திரும்ப அழுத்தினார். திரும்ப அடித்தது.

"எடுக்க மாட்டேங்குறாங்க சார்."

"விருந்து நேரமா இருக்கும். இன்னொரு தடவ போடு." பாரூக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா பொன்னழகு, ஒன் போனு அப்பப் பிடிச்சு அடிக்குது பாரு, எடுத்துத் தொல."

அவள் எடுத்தாள். "ஹலோ" என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு தடவையும், விக்னேஷ்குமாரின் காதுக்குள் ஒரு தடவையும் அந்த ஹலோ கேட்டது. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார். பொரிக்கும் கரண்டியோடு எட்டிப் பார்த்த இஷாக்குக்குத்தான் முதலில் புரிந்தது.

"ஆத்தாடி. ஏ உப்ப ஆள விட்டுக் கணக்குப் பண்ணுனது நீதானா?"

பாரூக் மேஜைமேல் இருந்த பரிசைப் பார்த்தார். பிறகு, "நா ஒனக்குச் சம்பளம் குடுக்குறதா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா ஏ கடையிலயே பெரிய கிராக்கி" என்றார்.

"அது ஒரு நம்பர் கேட்டுச்சு மொதலாளி. அவுக யாரும் குடுக்கல. எங்கிட்ட ஒன்னு இருந்துச்சு, குடுத்தேன்."

"அப்ப அம்புட்டும் யாரு?"

அவள் சொன்னாள். பூ மார்க்கெட்டு, தையல் கடை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைக்கிள் கடை, பெயர் சொல்லாமல் இருமலை மட்டும் சொல்லும் ஒருவர். சொல்லச் சொல்ல பாரூக்குக்கும் பல பேரைத் தெரிந்தது. முகம்கூடத் தெரிந்தது.

"இத்தன பேர் இருந்தும் ஒரு நம்பர்கூட நம்மகிட்ட இல்லீங்களே சார்" என்றார் விக்னேஷ்குமார், நிஜமான வருத்தத்தோடு. "நம்பர் இல்லாத கஸ்டமர வச்சு நாங்க என்னங்க பண்றது?"

அவளைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாரூக் திட்டவில்லை. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் இல்லை. "ஆயிரம் பேரு அந்தப் பக்கம் இருக்கையில இந்தப் பக்கம் ஒரு முப்பது பேரு. ஒன் வேல எங்கயும் போகலம்மா, இந்த ரூமும் ஏசியும் ஒனக்குத்தான். ஞாயித்துக்கெழம வரைக்கும் கூப்புடுறவுக ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆப்புல வரச் சொல்லிரு. தெம்பாச் சொல்லு" என்றார். பரிசை என்ன செய்வது என்று விக்னேஷ்குமார் கேட்டதற்கு, "நம்பர் யாரு நம்பரு? அவளுக்கே குடு" என்று எழுந்துவிட்டார்.

வேலை போகவில்லை. அதைப் பேருந்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். போகப்போவது வேலை இல்லை, குரல்கள். அதுவும் அவளால் போகின்றன; ஆளுக்கொரு கள்ள நம்பரைப் போட்டிருந்தால்கூட லைன் பிழைத்திருக்கும். எல்லோரையும் ஒரே குடும்பமாக்கியதில்தான் கெட்டது. மடியில் ஹாட்பாக்ஸ் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சரிகைக் காகிதத்தைத் தடவிப் பார்த்து, "வீட்ல விசேஷமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் பொன்னழகு.

"எம்புட்டுப் பேரு?"

"நெறையாப் பேரு."

வீட்டில் அதை வைக்க இடம் இல்லை. அடுப்படியிலும் கொள்ளவில்லை. கடைசியில் கட்டில்மேல், தான் படுக்காத பாதியில் வைத்தாள்.

அந்த வாரம் முழுவதும் சொன்னபடி சொன்னாள். மலைச்சாமி, "அப்ப ஒம்பது பேரையும் சாம்பார் சாதத்துக்கு அனுப்பிருவம். வயித்துக்கு நல்லதுதான். ஒன்ன என்ன தாயி பண்ணப் போறாங்க, திரும்ப வெங்காயமா?" என்றார். "ஞாயித்துக்கெழம ஒரு கடேசித் தடவ அடிக்கிறேன், தேங்காப் பழத்தோட வழியனுப்பி வைப்பம்" என்றும் சொன்னார். ஷப்னம் வியாழக்கிழமை கூப்பிட்டாள். "ஆப்பு எங்க வீட்டுக்காரரு போன்லதான்க்கா இருக்கு" என்றாள். பிறகு தையல் மெஷினை நிறுத்தினாள். "சரிக்கா. ஒங்க பேரு என்னன்னு நா கேட்டதே இல்ல பாருங்க" என்றாள். பொன்னழகு பெயரைச் சொன்னாள். வைத்த பிறகுதான், அவளைத் திரும்பக் கூப்பிடத் தன்னிடமும் நம்பர் இல்லை என்பது உறைத்தது. இந்த மூன்று வருடமும் கேட்டுக் கேட்டு, அவர்கள் இல்லை என்றதும் நல்லது என்று விட்டவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் போன் அடித்தது.

"ஜெரோம் பேசுறேம்மா."

"சொல்லுங்க சார். பூச முடிஞ்சிருச்சா?"

"இப்பத்தான். இன்னைக்குப் பிரசங்கம் நீளம். பொறுமையப் பத்தி. பசிக்குற நேரத்துல."

"அர மட்டன், எலும்பு வேணாம், தால்சா தனியா."

"அதேதான். என்னைய வாயத் தொறக்கவே விட மாட்டேங்குறீங்க."

திரையில் அரை மட்டன் ஏறிவிட்டது. பத்து எண்ணுக்குக் கட்டம் திறந்திருந்தது. அவள் விரல்கள் பழக்கத்தில் முதல் எண்ணை அழுத்திவிட்டு நின்றன.

"சார், இந்த லைன எடுக்குறாங்க. நாளைக்கு அடிக்காது."

"ரிப்பேரா?"

"இல்ல சார். எடுத்தே போடுறாங்க. இனிமே ஆப்புலதான் சொல்லணுமாம்."

"எங்கிட்ட பட்டன் போனுதானம்மா."

"தெரியும் சார்."

"சரிம்மா. நல்லதுக்குத்தான். மட்டன் வேணாம் வேணாம்னு டாக்டரு தலப்பாடா அடிச்சுக்கிட்டாரு. அவரால முடியாதத ஆப்பு பண்ணிருச்சு." சிரிக்க முயன்றார். "இன்னைக்குள்ளத வந்து வாங்கிக்கிறேன். அப்ப... வைக்கட்டுமா?"

வைக்கட்டுமா என்றவர் வைக்கவில்லை. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. ஜன்னலில் ஒரு டெலிவரிப் பையன் கடைசி நாலு எண்ணைச் சொன்னான்; அவள் பார்க்காமலே ஒரு பையை எடுத்து நீட்டினாள். ஈஸ்வரன் சொன்னது நினைவுக்கு வந்தது. தனியா இருக்குற பொம்பள. அது உண்மைதான். அதைவிட உண்மையாக எதுவும் அவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

"சார், பேனா இருக்கா?"

"இருக்கு. எதுக்கும்மா?"

அவள் சொன்னாள். திரைக்குப் பழகிப்போன அந்தப் பத்து எண்ணும், வாயால் ஓர் ஆளுக்குச் சொல்லும்போது நாக்கில் தடுக்கின. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஜெரோம் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், சரி என்றாள்.

பிறகு சைக்கிள் கடை கூப்பிட்டது. இருமலை மட்டும் சொல்பவர் கூப்பிட்டார். மலைச்சாமி சொன்னபடி அடித்தார். ஷப்னம் அன்று கூப்பிடவில்லை. கூப்பிட்ட மற்ற எல்லோருக்கும் பொன்னழகு தன் சொந்த நம்பரைச் சொன்னாள்.